நாலாவது கியர்

அந்தச் செவ்வாய்க்கிழமை கீரிப்பாறையிலிருந்து வண்டி கிளம்பும்போதே ஒன்பது நிமிஷம் லேட். இறச்சகுளத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க ரோட்டைப் பாதி தோண்டிப் போட்டிருந்தார்கள். மேலே ஏறி வரும்போது அங்கே நின்ற நேரம் அது. ஏழு இருபதுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையாவிட்டால் டைம் கீப்பர் குறித்துவைப்பார். மாதத்தில் மூன்று முறை குறித்தால் மெமோ வரும். டிரைவர் முருகதாசுக்கு இது புதிதில்லை. பதினாறு வருஷ சர்வீஸில் ஆறு வருஷம் இந்தத் தடத்தில்தான் ஓட்டுகிறான். எந்த இடத்தில் வேகம் கூட்டி எத்தனை நிமிஷம் பிடிக்கலாம் என்பது அவன் கைக்குத் தெரியும்.

கண்டக்டர் கிளீட்டஸ் கடியப்பட்டணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பின்படிப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"மக்கா, ஒம்பது நிமிஷம் கெடக்கு. கொஞ்சம் பிடி."

முருகதாஸ் பிடித்தான்.

அயனிமூடு என்ற இடத்தில் ரோடு வளைந்து இறங்கும். வளைவுக்கு முன்னாலேயே மூன்றாவது கியருக்கு வந்துவிடுவது முறை. அன்று நாலாவதிலேயே இறங்கினான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இடது பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் எட்டிப் பார்த்தது. பஸ்ஸைக் கண்டதும் பிரேக் பிடித்தது. ஈர ரோட்டில் சறுக்கி ஆளும் வண்டியும் தனித்தனியாக விழுந்தன. முருகதாஸ் வலது பக்கம் ஒடித்துக்கொண்டே பிரேக்கை மிதித்தான். முன்சக்கரம் விலகிப் போய்விட்டது. பின்சக்கரம் விலகவில்லை.

இறந்தவன் பெயர் ரதீஷ். இருபத்தாறு வயது. ரப்பர் தடி அறுக்கும் மில்லில் வேலை. அவனுடைய அம்மா ஓமனா கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுத் தொழிலாளி. அன்று காலை ஐந்தரை மணிக்கு முருகதாசின் பஸ்ஸில்தான் ஏறி வேலைக்குப் போயிருந்தார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். ஆறு வருஷமாக அதே சீட். இறங்கும்போது "வாறேன் தம்பி" என்பார். அன்றும் சொன்னார். மகன் ரோட்டில் கிடந்த நேரத்தில் அவர் மேலே மரம் மரமாகப் போய்ப் பட்டையைக் கீறிப் பால் வடியச் சிரட்டை வைத்துக்கொண்டிருந்தார். ஆள் போய்ச் சொல்லும்போது ஏழே கால் ஆகிவிட்டது. அந்த முக்கால் மணி நேரத்தை முருகதாசால் மறக்க முடியவில்லை. அவர் ஒன்றும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்த முக்கால் மணி நேரம்.

போலீஸ் வந்தது. எதிரே ரப்பர் ஷீட் வாங்கும் கடையின் கேமராவில் ஸ்கூட்டர் சறுக்குவது தெளிவாகப் பதிவாகியிருந்தது. படத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர் முருகதாசின் தோளில் தட்டி, "உங்க மேல தப்பில்ல" என்றார். யூனியன்காரர்கள் அதையே சொன்னார்கள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து, பொதிந்த மீனோடு கிளீட்டஸ் வருவார். அவரும், "ஒனக்க மேல தப்பு இல்ல மக்கா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல முருகதாசுக்கு நெஞ்சில் ஒரு கல்லை எடுத்து வைத்ததுபோல் இருந்தது. நாலாவது கியர் அவனுக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழித்து வேலைக்குச் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. போனான். சாவி வாங்கினான். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தான். கிளட்சை மிதித்த கால் நடுங்கத் தொடங்கியது. கையால் முழங்காலைப் பிடித்துப் பார்த்தான், நிற்கவில்லை. பின்னால் வரிசையாக நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

டிப்போவின் கிளை மேலாளர் இசபெல் அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சொந்த ஊர் மணவாளக்குறிச்சி. மெக்கானிக்கல் படித்து, பட்டறையில் கைகறுக்க வேலை பார்த்து மேலே வந்தவர். அவர் முருகதாசை அறைக்குக் கூப்பிடவில்லை. தொட்டிக்குப் பின்னால் தானே நடந்து வந்தார்.

"வீட்டுக்குப் போறீங்களா, இல்ல இங்கயே இருக்கீங்களா?"

"வீட்டுக்குப் போனா இன்னும் மோசமா இருக்கு மேடம்."

"சரி. டீசல் போட்ட வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு விடணும். கேட்டைத் தாண்ட வேண்டாம். காலு நடுங்குச்சுன்னா நிறுத்திடுங்க. யாரும் ஹார்ன் அடிக்க மாட்டாங்க, அதை நான் பாத்துக்கிடுகேன்."

அப்படி ஒரு மாதம் போனது. காலி வண்டி, இருநூறு அடி தூரம், முதல் கியர். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. மத்தியானத்தில் டிரைவர் அல்போன்ஸ், பெரிய உடம்புக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்து எஞ்சின் மூடியின் மேல் உட்காருவார். விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். தக்கலைப் பக்கம் தன் விளைத் தோட்டத்தில் பன்றி புகுந்து மரச்சீனியைத் தோண்டிய கதையைச் சொல்வார். எந்தச் செடியை எப்படித் தோண்டியது, எத்தனை கிழங்கு போயிற்று என்று நீட்டி நீட்டிச் சொல்வார். முருகதாஸ் கேட்டுக்கொண்டே வண்டியை நகர்த்துவான். ஒரு நாள் ஷெட்டில் கொண்டு நிறுத்திய பிறகுதான், கால் நடுங்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

அதற்கு அடுத்த வாரம் இசபெல் அவனை அறைக்குக் கூப்பிட்டார். கிளீட்டசும் கூடவே வந்து கதவோரம் நின்றார்.

"முருகதாஸ், ஆக்சிடென்ட் ரிப்போர்ட்ல இல்லாத ஒரு கேள்வி கேக்கப் போறேன். சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"கேளுங்க மேடம்."

"அந்த வளைவுல எந்தக் கியர்ல இறங்குனீங்க?"

மூன்று மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. போலீசும் கேட்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. முருகதாஸ் வாயைத் திறந்தான்.

"நாலுல."

இசபெல் பேனாவை மூடி வைத்தார்.

"மூணுல வந்திருந்தா அவனுக்கு முன்னாலயே வண்டி நின்னிருக்கும் மேடம். நிக்காமலும் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது. ஆனா நாலுலதான் வந்தேன்."

கதவோரத்திலிருந்து கிளீட்டஸ் சொன்னார். "மேடம், பிடிக்கச் சொன்னது நான்." ஒரு அடி உள்ளே வந்தார். "இவன் வீட்டுக்குப் போயிப் போயி ஒனக்கத் தப்பில்லன்னு சொன்னேன். எனக்க தப்பைச் சொல்ல எனக்கு வாய் வரல்ல."

இருவரையும் உட்காரச் சொன்னார் இசபெல். மேஜையிலிருந்த ஒரு பழைய கால அட்டவணையைத் திருப்பி வைத்தார்.

"இந்த டிரிப்புக்கு நேரம் போட்டுப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப இருந்த வீடு எத்தனை, வண்டி எத்தனை? போன வாரம் மூணு நாள் டிக்கெட் எடுத்துக் கடைசி சீட்டுல உக்காந்து போனேன். மூணு நாளும் வேற வேற டிரைவர். மூணு பேரும் அயனிமூட்டுல நாலாவது கியர்ல இறங்குனாங்க." அட்டவணையை அவன் பக்கம் தள்ளினார். "நீங்க சொன்னதை எழுதித் தந்தா மேல அனுப்பி, நேரத்தை மாத்தச் சொல்லலாம். ஆனா உங்களுக்குக் கெடுதல் வரும். அதை மறைச்சுக் கேக்கக் கூடாது. கேஸுக்கும் அந்தப் பேப்பர் போகும். எழுதலன்னாலும் எனக்கு உங்க மேல ஒரு குறையும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் அவன் மனைவி அஞ்சு, துணி மடித்துக்கொண்டிருந்தாள். முருகதாஸ் நடந்ததைச் சொன்னான். நாலாவது கியரை அவளிடம்கூட அன்றுதான் சொன்னான். அவள் கை நின்றது.

"எழுதினா வேலை போயிருமா?"

"தெரியாது."

"எழுதலன்னா?"

அஞ்சு, மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். பிறகு சொன்னாள். "மூணு மாசமா நீங்க சோத்தைப் பிசைஞ்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போறியோ. நந்தனா எங்கிட்ட கேக்கா, அப்பாவுக்கு என்னம்மான்னு. எழுதிருங்க. வாறது வரட்டு."

மறுநாள் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினான். எழுதி முடித்த தாளை அல்போன்ஸ் அவன் கையிலிருந்து வாங்கி வாசித்தார். பெரிய கையில் அந்தத் தாள் சின்னதாகத் தெரிந்தது. இரண்டு தடவை வாசித்தார்.

"எலே, இது தனியாப் போவாண்டாம்."

"அண்ணே, நீங்க எதுக்கு…"

"நான் அந்த வளைவுல மூணுல இறங்குனதுன்னா மழை கொட்டுற அன்னைக்கு மட்டும்தான். ஒனக்கு முன்னால அந்தப் பய வந்தான். எனக்கு முன்னால வரல்ல. அவ்வளவுதான் நமக்குள்ள வித்தியாசம்."

அவர் தனக்கென்று ஒரு தாள் எடுத்து, நேரம் போதாத நாட்களில் அயனிமூடு வளைவில் தானும் நாலாவது கியரில் இறங்கியிருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தடத்தில் ஓட்டியவர்கள் முருகதாஸ் நீங்கலாக, அல்போன்சையும் சேர்த்துப் பதினோரு பேர். இரண்டு நாளில் ஒன்பது தாள் சேர்ந்தது. எழுதாத இருவரில் ஒருவர் ஜேசுதாஸ், அடுத்த வருஷம் ஓய்வுபெறப் போகிறவர். "எனக்குப் பயமா இருக்குடே" என்று நேராகவே சொன்னார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. கிளீட்டசும் ஒரு தாள் எழுதினார். ஒன்பது நிமிஷத்தைப் பிடிக்கச் சொன்னது நான் என்று அதில் இருந்தது.

அந்தக் கத்தையைக் கையில் வாங்கியபோது இசபெல் ஒவ்வொரு தாளாகப் புரட்டி வாசித்தார். பிறகு, "இது அந்த அம்மாவுக்குக் கோர்ட்டு மூலமாத் தெரியக்கூடாது. நாம போய்ச் சொல்லணும்" என்றார்.

ஞாயிறு மத்தியானம் இசபெலும் முருகதாசும் கிளீட்டசும் போனார்கள். ஓமனாவின் வீடு அயனிமூட்டுச் சந்துக்குள் நாலாவது வீடு. முற்றத்தில் ரதீஷின் ஸ்கூட்டர் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. ஓமனா வெளியே வந்து முருகதாசைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. முருகதாஸ் நின்றபடியே சொன்னான். எத்தனை நிமிஷம் லேட், எந்தக் கியரில் வந்திருக்க வேண்டும், எந்தக் கியரில் வந்தான் என்று எல்லாவற்றையும் சொன்னான். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல நினைத்துத்தான் வந்திருந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

ஓமனா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் எனக்க மோன் அவசரப்பட்டான்னு சொன்னாவ. சாவு வீட்டுலயே சொன்னாவ. அவன் அப்பிடிப்பட்டவன் இல்ல. சந்து வாயில நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் ஏறுவான்." மூச்சு வாங்கினார். "சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன். எனக்க பிள்ளைதான் அவசரப்பட்டுச் செத்தான்னு பெத்தவளே நெனச்சிட்டேன்."

இசபெல் கண்ணைத் துடைத்தார்.

"இனி போங்க" என்றார் ஓமனா. "எனக்கு ஒங்கிட்டப் பேச ஒண்ணும் இல்ல. வந்து சொன்னியே, அது மட்டும் சரி."

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வர ஐந்து வாரம் ஆனது. முருகதாசுக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். தாள் எழுதிய ஒன்பது டிரைவர்களுக்கும் கிளீட்டசுக்கும் விளக்கம் கேட்டு மெமோ. அனுமதி வாங்காமல் தொழிலாளர்களிடம் வாக்குமூலம் பெற்றதற்காக இசபெலுக்கும் ஒரு மெமோ. கடைசிப் பத்தியில், அந்த டிரிப்புக்கு மூன்று மாதச் சோதனையாக ஏழு நிமிஷம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் அந்தக் கடிதத்தை ஒட்டினார் இசபெல். தன் பெயருக்கு வந்த மெமோவையும் பக்கத்திலேயே ஒட்டினார். டிரைவர்கள் கூடி நின்று வாசித்தார்கள். யாரும் கைதட்டவில்லை. ஜேசுதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார்.

முருகதாஸ் மறுபடி ரோட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முதல் மூன்று நாள் அல்போன்ஸ் தன் ஓய்வு நேரத்தில் கூடவே வந்து எஞ்சின் மூடிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அயனிமூட்டில் பன்றிக் கதையை நிறுத்தினார்; வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாலாம் நாள் முருகதாஸ் தனியாக ஓட்டினான். வளைவுக்கு முன்னாலேயே மூன்றாவது கியருக்கு வந்தான். ஒவ்வொரு முறையும் அந்த வளைவில் அவன் கண் சந்து வாயைத் தேடத்தான் செய்தது. அது போகவில்லை. போக வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

அவனுக்கு எப்போதும் இரண்டாவது டிரிப்தான் விழுந்தது. அது தற்செயல் என்றே நினைத்திருந்தான். ஒரு நாள் டூட்டிப் பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலை முதல் டிரிப்பை வாரம் முழுக்க அல்போன்ஸ் கேட்டு வாங்கியிருந்தார். தக்கலையிலிருந்து அதற்கு அவர் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும்.

"எதுக்கு அண்ணே?"

"அந்த அக்கா வேலைக்குப் போவாண்டாமா?" என்றார் அல்போன்ஸ். "ஒன்னைக் கண்டா ஏறுவாவளா? அந்த நேரத்துக்கு மலைக்கு வேற வண்டியும் இல்ல."

முருகதாஸ் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். தன் பக்கம் நின்றவர்கள் தன்னை மட்டும் பார்க்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஓமனாவையும் பார்த்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போது இவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. பதினாறு வருஷமாகச் சம்பளத்துக்கு ஓட்டினான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இது வேறு.

இசபெல் டைம் கீப்பர் மேஜையில் ஒரு நோட்டு வைத்தார். எந்த டிரிப் எத்தனை நிமிஷம் லேட், என்ன காரணம் என்று டிரைவரே எழுதலாம், விளக்கம் கேட்கமாட்டோம் என்றார். முதல் வாரம் யாரும் தொடவில்லை. முருகதாஸ்தான் முதலில் எழுதினான்: பூதப்பாண்டியில் தேர், பதினோரு நிமிஷம். மெமோ வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். யூனியன் கூட்டத்தில் வாயே திறக்காத முருகதாஸ், ஓய்வு நாளில் கிளீட்டசோடு உட்கார்ந்து, மலைக்குப் போகும் நாலு தடத்துக்கும் ஸ்டாப் ஸ்டாப்பாக எத்தனை நிமிஷம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். அதில் இரண்டு தடத்துக்கு நேரம் கூடியது. இரண்டுக்குக் கூடவில்லை. கூடாத இரண்டுக்கும் மறுபடி எழுதினார்கள்.

ஆவணி மாதம் அல்போன்சுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் டிரிப்புக்கு ஆள் இல்லை.

"உங்களால முடியுமா?" என்று இசபெல் போனில் கேட்டார். "முடியலன்னா சொல்லுங்க. நான் வேற எங்கயாவது ஆளைக் கேக்கேன்."

"போறேன் மேடம்."

ஐந்தரை மணிக்கு அயனிமூட்டில் நாலு பெண்கள் நின்றார்கள். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் ஓமனா தெரிந்தார். அவரும் அவனைப் பார்த்துவிட்டார். மற்ற மூவரும் ஏறினார்கள். ஓமனா நின்ற இடத்திலேயே நின்றார். கிளீட்டஸ் விசில் ஊதவில்லை. முருகதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை, கியரைத் தொடவில்லை. உள்ளே இருந்த யாரும் "போலாம் டிரைவரே" என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

கடைசியில் பின்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓமனா கடைசி சீட்டில் உட்கார்ந்தார். கிளீட்டஸ் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபோது அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கீரிப்பாறையில் பின்படி வழியாகவே இறங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மரங்களுக்குள் நடந்தார். அவர் ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை முருகதாஸ் வண்டியை எடுக்கவில்லை.

வடசேரிக்கு வந்து இறங்கியதும் நோட்டை எடுத்தான். நேரம் எழுதினான். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, 'அயனிமூட்டில் ஒருவர் ஏற இரண்டு நிமிஷம் நின்றது' என்று எழுதி, கிளீட்டசிடம் பேனாவை நீட்டினான். அவரும் கீழே கையெழுத்துப் போட்டார். இருவரும் டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.